அலுமினியத்தை ஏன் கரி போட்டு எடுப்பதில்லை?

பிளஸ்டூ_கவி:
இரும்புத் தாதுவைக் கரியோடு ஊதுலையில் போட்டால் இரும்பு வந்துவிடுகிறது. அலுமினியத்துக்கு மட்டும் ஏன் மின்சாரம்? 'வினைதிறன் அதிகம்' என்று பாடத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. சூட்டை இன்னும் ஏற்றினால் போதாதா?

பாட்ரூம்_பழைய_ஆள்:
ஏற்றிக்கொண்டே போனால் 2000 டிகிரிக்கு மேல் கரி ஜெயிக்கத்தான் செய்யும் தம்பி. ஆனால் அந்தச் சூட்டில் வெளிவரும் அலுமினியம் சும்மா இருக்காது. கரியோடு சேர்ந்து கார்பைடு ஆகும், கொஞ்சம் ஆவியாகவும் போகும். கையில் மிஞ்சுவது உலோகமே இல்லை.

அலுமினாவை, அதாவது அலுமினிய ஆக்சைடைத் தனியாக உருக்கவும் அதே 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உப்பை உருக்கி அதில் போட்டால் 960 டிகிரி வாக்கிலேயே கரைந்துவிடும், அதில் மின்சாரம் விட்டு அலுமினியத்தைப் பிரிக்கலாம். 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியாகப் பிடித்த வழி இதுதான். இதைச் செய்யும் தொட்டியைத்தான் பாட் என்போம், அவை இருக்கும் கூடம் பாட் ரூம். நான் வேலை பார்த்த பாட் ரூமில் ஒரு பாட்டுக்கு நாலு வோல்ட் சொச்சம்தான், ஆம்பியர் மட்டும் லட்சத்துக்கு மேல். அந்தக் காந்தப்புலத்தில் கடப்பாரையோடு நடந்தால் யாரோ மறுமுனையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். குழம்பில் அலுமினா குறைந்தால் வோல்ட் திடீரென்று முப்பதுக்கும் மேலே எகிறும். பழைய பாட்களில் அதற்கென்றே ஒரு பல்பு மாட்டியிருப்பார்கள். அது பளிச்சென்று எரிந்ததும் மேலே ஓடுபோல இறுகியிருப்பதை உடைத்து அலுமினாவைத் தள்ளுவோம்.

கரிக்கட்டை:
ஒன்று விட்டுப்போச்சு. அங்கேயும் கரி இல்லாமல் வேலை நடப்பதில்லை. நேர்மின்வாயே கரிதானே? ஆக்ஸிஜன் அதில் போய்ச் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. சமன்பாட்டின்படி ஒரு டன் அலுமினியத்துக்கு 333 கிலோ கரி, நடைமுறையில் 400-க்கு மேல். காற்று பட்டு எரிந்துபோவதும் உண்டு. 'கரி உதவாது' என்று மட்டும் பரீட்சையில் எழுதிவிடாதே.

பிளஸ்டூ_கவி:
சரி அண்ணா. அப்போ துத்தநாகம்? அதற்குக் கரி என்றுதான் படித்தேன்.

பாட்ரூம்_பழைய_ஆள்:
கரியால் முடியும். ஆனால் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் உலையிலிருந்து ஆவியாகத்தான் வரும். அதைச் சட்டென்று குளிரவைக்காவிட்டால் கூட வரும் கார்பன் டை ஆக்சைடு அதை மறுபடி ஆக்சைடாக்கிவிடும். இப்போது பெரும்பாலும் தாதுவை வறுத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் மின்சாரம் விட்டே எடுக்கிறார்கள். அலுமினியத்தை அப்படி நீர்க்கரைசலில் எடுக்கப் பார்த்தால் ஹைட்ரஜன்தான் குமிழியிடும்.