செவ்வாய்பேட்டைச் சொந்தங்கள்: ஓடிக்கொண்டே பேஸ்கட்பால் ஷூட்

பாப்பு: சித்தப்பா, நின்று ஷூட் போட்டால் விழுகிறது. ஓடி வந்து பாஸ் வாங்கிப் போட்டால் ரிங்கைக்கூடத் தொடுவதில்லை 😭

ஏற்காடு சித்தப்பா: வீடியோ பார்த்தேன். கையில் குறையே இல்லை. பந்து வந்த பிறகுதான் முழங்காலை மடக்குகிறாய், அதற்குள் தடுக்கிற டிஃபெண்டர் வந்துவிடுகிறாள்.

ஏற்காடு சித்தப்பா: பந்து காற்றில் இருக்கும்போதே இடுப்பு இறங்கியிருக்க வேண்டும். நம்ம மலை பஸ் டிரைவர் கொண்டை ஊசிக்குள் திரும்பிய பிறகா கியரைக் குறைக்கிறார்?

பெரியப்பா: 20 வளைவு. எனக்கு மூன்றாவதிலேயே தலை சுற்றும்.

பாப்பு: உடம்பு பக்கவாட்டிலேயே போகிறதே?

ஏற்காடு சித்தப்பா: கூடைப் பக்கத்துக் காலை முதலில் ஊன்று. அதுதான் பிரேக். மற்றக் கால் சுற்றி வந்து சேரும்போது இடுப்பு தானாகக் கூடைக்கு நேராகிவிடும். இரண்டு காலிலும் ஒன்றாகக் குதித்து நிற்பவர்களும் உண்டு, உனக்கு வருவதைச் செய்.

தம்பி: NBA ஸ்டார் ஸ்டீஃபன் கர்ரி பந்தைத் தரையில் தட்டித் தட்டித்தானே ஏமாற்றுகிறார்?

ஏற்காடு சித்தப்பா: எல்லாரும் அதையே பார்க்கிறீர்கள். பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுவாரே, அங்கேதான் ஆபத்து. பாஸ் போனதும் டிஃபெண்டர் கொஞ்சம் அசருவான், போச்சு.

ஏற்காடு சித்தப்பா: அவருடன் ஆடிய கிளே தாம்சன் 2016 டிசம்பரில் இண்டியானா டீமுக்கு எதிராக 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தட்டியது 11 தடவை.

தம்பி: 11ஆ??

ஏற்காடு சித்தப்பா: மற்றதெல்லாம் ஓட்டம். டிஃபெண்டரை மறிக்க நம் டீம் ஆள் ஒருவர் அசையாமல் நிற்பதுதான் ஸ்கிரீன். அதைச் சுற்றும்போது டிஃபெண்டர் பின்னாலேயே துரத்தினால், ஸ்கிரீனை ஒட்டி வளைந்து கூடைப் பக்கம் போக வேண்டும். அவன் குறுக்கே புகுந்து முந்தப் பார்த்தால், கார்னர் பக்கம் விலக வேண்டும். அவனுக்கு உதவியாக எதிர் டீமின் இரண்டாவது ஆள் வந்தால் இன்னும் நல்லது, ஸ்கிரீன் போட்டவர் தனியாக நிற்பார். பந்தைத் தொடாமலே நம் டீமுக்கு ஒரு கூடை.

அத்தை: அது சரி, ஞாயிற்றுக்கிழமை தட்டுவடை செட் யார் வாங்கி வருகிறீர்கள்?

பாப்பு: பின்னால் நகர்ந்துகொண்டே போட முடியுமா?

ஏற்காடு சித்தப்பா: 2013 NBA ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தில் மயாமி டீமின் ரே ஆலன் பின்னோக்கியே கார்னருக்குப் போய்த்தான் மூன்று புள்ளி ஷூட் போட்டார். 5.2 விநாடி மீதி இருக்கும்போது ஸ்கோர் 95-95 என்று சமமானது. தரையில் படுத்திருந்து எழுந்து, பின்னோக்கி ஓடிப் போய்ப் போடுவதையே ஒரு பயிற்சியாக வைத்திருந்தவர் அவர்.

பெரியப்பா: நான் படுத்தால் எழுவதே பயிற்சிதான்.

ஏற்காடு சித்தப்பா: 😂 நாளைக்குப் பந்தில்லாமல் தொடங்கு பாப்பு. ஓடு, ஊன்று, நில். கால் பழகியதும் தம்பி பாஸ் போடட்டும், மார்புக்கு நேராக. முழங்காலுக்கு வரும் பாஸை வாங்கிப் போட்டால் கர்ரிக்கே கஷ்டம்.

தம்பி: நானா? காலையிலா?

பாப்பு: ஆறு மணிக்குக் காந்தி ஸ்டேடியம். எழுந்துவிடு.