உதவி: வி, டபிள்யூ இரண்டும் எனக்கு ஒரே 'வ'வாகத்தான் வருகிறது

கேள்வி:
இன்டர்வியூவுக்காக ஆங்கிலம் பேசிப் பழகுகிறேன். போனில் வாய்ஸ் டைப்பிங் போட்டு மேற்குத் திசை வெஸ்ட்டைச் சொன்னால், சட்டைக்குள் போடும் வெஸ்ட் என்று அடிக்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரிகிறது, வாய்க்குத்தான் வரவில்லை. உதட்டையும் பல்லையும் எப்படி வைக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

பதில்:
நம்ம 'வ'தான் இடைஞ்சல். கீழுதடு மேல்பல் பக்கம் போகும், ஆனால் அழுந்தப் படாது, உதடும் குவியாது, அதனால் ஆங்கிலக் காதுக்கு ஒரு நேரம் அதுவாகவும் ஒரு நேரம் இதுவாகவும் கேட்கும். வி சொல்ல, மேல்பல் நுனி கீழுதட்டின் உள்பக்க ஈரத்தில் லேசாகப் பட வேண்டும். கடிக்காதீர்கள், காற்று அடைபட்டுவிடும். பட்டபடியே குரலோடு 'வ்வ்வ்' என்று இழுத்தால் உதடு கூசும். கூசாமல் வெறும் காற்று மட்டும் வந்தால் அது எஃப். தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள், அதிர வேண்டும்.
டபிள்யூவில் பல்லுக்கு வேலையே இல்லை. 'ஊ'வுக்குக் குவிப்பதைவிட இறுக்கமாகக் குவித்து, சட்டென்று அடுத்த உயிருக்குத் திறங்கள்: ஊ-எஸ்ட், உஎஸ்ட்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, தனித்தனியாக வருகிறது. 'வெரி வெல்' என்று சேர்த்துச் சொன்னால் இரண்டாவதிலும் பல் பட்டுவிடுகிறது.

பதில்:
எல்லோரும் மாட்டுவது அங்கேதான். கண்ணாடி முன்னால் மெதுவாகச் சொல்லுங்கள். வெரி முடிந்து உதடு குவிந்த பிறகுதான் 'வெல்'லுக்குக் குரலை விட வேண்டும், அந்த நேரம் பல் வெளியே தெரிந்தால் தப்பு.

இன்னொருவர்:
ஸ்பெல்லிங்கை நம்பாதீர்கள் தம்பி. எண்ணைச் சொல்லும் 'ஒன்' ஓ-வில் ஆரம்பித்தாலும் வாய் டபிள்யூவுக்குத்தான் குவியும். ஓ, எஃப் என்று இரண்டே எழுத்தில் எழுதுகிற சொல் முடிவது வி-யில். எழுதுவதைச் சொல்லும் 'ரைட்'டில் முதலில் நிற்கிற டபிள்யூவுக்குச் சத்தமே கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
வெஸ்ட் முடிகிற இடத்தையும் ஒருக்கால் பாருங்கோ. 'ட'வுக்கு நாக்கு பின்னால் மடியும், ஆங்கில டி-க்கு மடியாது, மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் நுனி படும். நாங்கள் 'வெற்றி' சொல்லும்போது நாக்கு போகிற இடம் அதுதான், டொராண்டோ நகரை ரொறன்ரோ என்று எழுதுவதும் அதனால்தான்.

கேட்டவர்:
நாங்கள் 'வெட்ரி' என்றல்லவா சொல்கிறோம்! 'நன்றி'யில் அந்த மேடு படுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
படும். 'நன்' என்று சொல்லி நாக்கை அப்படியே நிறுத்தி, அங்கிருந்தே டி-யை விடுங்கோ. சரியாக வந்தால் பிறகு வெஸ்ட்டில் வைத்துப் பாருங்கோ.