மறு: ‘ஆக்டிவ் சர்வைலன்ஸ்’, ‘சப்ளிமென்டேஷன்’ – தமிழ்ச் சொற்கள்

> நோயாளிக் கையேட்டுக்கு: ஆக்டிவ் சர்வைலன்ஸ் = செயலூக்கக் கண்காணிப்பு; வைட்டமின் டி சப்ளிமென்டேஷன் = வைட்டமின் டி குறைநிரப்பல். சரிதானா?

வணக்கம் ஐயா,

முதலாவது சொல் அரசாணை மாதிரி இருக்கிறது. தீவிரம் குறைந்த புராஸ்டேட் புற்றுநோயை உடனே அறுக்காமல், கதிர்வீச்சும் கொடுக்காமல், பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்சி (ஊசியால் திசுத் துணுக்குகள் எடுத்துச் சோதிப்பது) என்று விடாமல் பார்த்துவருகிறார்கள். நோய் முற்றுவது தெரிந்தால் சிகிச்சைக்கு மாறுகிறார்கள். அதற்குத் ‘தொடர்கண்காணிப்பு’ போதும். முதியவர்களுக்குத் தொந்தரவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது வேறு. அதைக் ‘காத்திருந்து பார்த்தல்’ என்போம்.

‘குறைநிரப்பல்’தான் இடிக்கிறது. குறை இருந்தால்தானே நிரப்ப? ரத்தத்தில் அளவு குறைந்தவருக்கு எலும்புக்காகக் கொடுப்பதற்கு அது பொருந்தும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் தொடர்கண்காணிப்பிலிருந்த ஆண்களுக்கு ஓராண்டு தினமும் 4,000 யூனிட் கொடுத்தது புற்று முற்றுவதைத் தடுக்குமா என்று பார்க்க. 2012இல் வெளியான அந்த முடிவில், 44 பேரில் 55 சதவீதத்தினருக்கு மறு பயாப்சியில் புற்று தென்பட்ட துணுக்குகளோ கிளீசன் மதிப்போ (புற்றின் தீவிரத்தைக் காட்டும் எண்) குறைந்திருந்தன. ஆனால் போலி மாத்திரை பெற்ற ஒப்பீட்டுக் குழு கிடையாது. பயாப்சி ஊசி எடுப்பது நூல் கனத் துணுக்குகள். போன முறை புற்றில் குத்தியது இந்த முறை பக்கத்தில் குத்தியிருக்கலாம். ‘குறைநிரப்பல்’ என்று அச்சிட்டால், குறையால்தான் புற்று வந்தது, நிரப்பினால் போய்விடும் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: கூடுதலூட்டம்.

---

> என் பரிந்துரை: கூடுதலூட்டம்.

அம்மா, குறைநிரப்பலைக் கைவிடுகிறேன். ஆனால் ‘கூடுதல்’ என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்வார்! நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது 60,000 யூனிட் பாக்கெட். பாலில் கலக்கி வாரம் ஒன்று குடிக்கச் சொல்வார்கள். அதைத் தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகத்துக்கே கேடு. அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினமும் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்த வைட்டல் ஆய்விலும் (2018) புற்றுநோய் வருவது குறையவில்லை. அது நோயில்லாதவர்களிடம் செய்தது என்பீர்கள், சரிதான். ஆனால் சொல்லே ஆசை காட்டக் கூடாது.

‘புறவூட்டம்’ எப்படி? வெளியிலிருந்து கொடுப்பது, அவ்வளவே. குறையென்றும் சொல்லவில்லை, கூடுதலென்றும் சொல்லவில்லை.

---

புறவூட்டம் எனக்குச் சம்மதம். குழாய்வழி உணவூட்டத்தோடு குழம்பாமலிருக்க ‘வைட்டமின் டி புறவூட்டம்’ என்று எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். குறைநிரப்பலை அடியோடு தூக்கிப்போட வேண்டாம்; ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்த பிறகு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பத்தியில் மட்டும் இருக்கட்டும். அளவை மைக்ரோகிராமிலும் போடுங்கள்: 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம். அந்தப் பாக்கெட் 1,500.