பழைய மோட்டார்ஹோம்: நிறுத்தி வைத்தால் பின் இடது மூலை இறங்கிவிடுகிறது, ஏர் எங்கே போகிறது?

டெக்சாஸ் பயணி:
வணக்கம். எங்களிடம் இருப்பது 1998 மாடல் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதி உள்ள பெரிய வண்டி. பின்பக்கம் டீசல் எஞ்சின், ஏர் பிரேக். ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ரப்பர் ஏர் பேக் முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் பின் இடது மூலை மட்டும் டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எல்லா ஏர் பேக்கையும் மாற்றச் சொல்கிறார்கள். ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது, ஆனால் காற்றுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு செலவு செய்வதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்? நாளைக்கே அடியில் படுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

டொராண்டோ டிரைவர்:
தம்பி, அவசரப்பட்டு அடியில் போக வேண்டாம். காற்றை மட்டும் நம்பி நிற்கிற வண்டி அது. ஒரு பைப் கழன்றாலே உடனே இறங்கிவிடும், நீங்கள் வெளியே வர நேரம் இருக்காது. நிறுத்தும்போது வண்டியைச் சமமாக்கும் லெவலிங் ஜாக்கையும் நம்பாதேங்கோ. வண்டியின் எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளைச் சேஸிஸுக்கு அடியில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அதற்கு முன் வெளியே நின்றே பாதி வேலையை முடிக்கலாம். டேங்கை முழுதாக நிரப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, டாஷ்போர்டில் டேங்க் காற்றழுத்தத்தைக் காட்டும் இரண்டு முள்ளையும் பாருங்கோ. எந்த மூலை முதலில் இறங்குகிறது, அப்போது முள் எங்கே நிற்கிறது, இரண்டையும் எழுதி வையுங்கோ.

டெக்சாஸ் பயணி:
நன்றி அண்ணே. காற்றழுத்தம் 120 பிஎஸ்ஐ-யில் இருந்தபோது அணைத்தேன். சாயங்காலத்துக்குள் மூலை இறங்கிவிட்டது, ஆனால் முள் இரண்டும் 110-க்குக் கீழே வரவில்லை.

சேலம் பஸ் மெக்கானிக்:
சார், அப்போ டேங்க், கம்ப்ரஸர், காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையர் பக்கம் போகவே வேண்டாம். ஏர் சஸ்பென்ஷன் ஆம்னி பஸ்ஸிலும் இதே அமைப்புதான். வண்டியின் உயரத்தைப் பார்த்துக் காற்றை ஏற்றி இறக்கும் ஹைட் வால்வைத் தாண்டிப் பெல்லோ (நீங்கள் சொல்லும் ஏர் பேக்) வரை உள்ள பாதையில்தான் காற்று கசிகிறது. முள்ளும் சேர்ந்து இறங்கியிருந்தால் கதை வேறு.

அந்தப் பாதையில் பார்க்க வேண்டியது மூன்று இடம். ஹைட் வால்வின் எக்ஸாஸ்ட் துளை முதலாவது. வண்டி சரியான உயரத்தில் நின்று, வால்வின் கை நடுநிலையில் இருக்கும்போதும் சோப்புத் தண்ணீர் அடித்த அந்தத் துளையில் குமிழி வந்தால் வால்வு உள்ளே கெட்டிருக்கிறது. கையை அச்சோடு இணைக்கும் கம்பி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது லெவலிங் சோலனாய்டு வால்வுக் கட்டை, மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள் உள்ள பாகம். அதன் சீட்டில் ஒரு துளி அழுக்கு உட்கார்ந்தால் போதும், மெதுவாகக் கசியும். கடைசியில்தான் பெல்லோ.

பெல்லோவில் மேலோட்டமான வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளே நூல் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். ரப்பர் கீழே மடிந்து, பெல்லோவின் அடியில் உள்ள பிஸ்டன் மேல் உருளும் இடம் வண்டி உயர்ந்திருக்கும்போதுதான் தெரியும், அங்கே அவசியம் பாருங்கள்.

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஸ்ப்ரே அடியுங்கள். பெரிய ஓட்டை உடனே குமிழி விடும். மெதுவான கசிவு அப்படி இல்லை, சில நிமிடம் கழித்துப் பார்த்தால் ஃபிட்டிங்கைச் சுற்றி வெள்ளை நுரை வளையமாகக் கட்டியிருக்கும். அடித்துவிட்டு உடனே நகர்ந்துவிட்டால் அது கண்ணில் படாது. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்காது. டேங்கில் வெளிக்காற்று ஏற்றும் நிப்பிள் இருந்தால் ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸரை மாட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுத் தேடுங்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த வழி.

டெக்சாஸ் பயணி:
கிடைத்துவிட்டது சார். ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஏர் பேக் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஹைட் வால்விலிருந்து சோலனாய்டு கட்டைக்குப் போகும் நைலான் பைப், பித்தளை ஃபிட்டிங்குக்குள் நுழையும் இடத்தில் நுரை கட்டியது. ஒரு கிளாம்ப் கழன்றதால் பைப் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கிறது. அந்த முனையை மட்டும் வெட்டித் திரும்பச் சொருகினால் போதுமா?

சேலம் பஸ் மெக்கானிக்:
பைப்பில் நீளம் மிச்சம் இருந்தால் போதும் சார். அந்தப் பக்கக் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும். கட்டிங் பிளேயரால் வெட்டாதீர்கள், பைப் நசுங்கி முட்டை வடிவமாகும், திரும்பவும் கசியும். பைப் கட்டரால் நேராக வெட்டி, ஃபிட்டிங் உள்ளே முட்டும் வரை தள்ளுங்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டி, அந்த ஃபிட்டிங்கையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. கிளாம்பை மறக்காமல் மாட்டுங்கள், இல்லையென்றால் பைப் திரும்ப இழுபடும்.

டொராண்டோ டிரைவர்:
கையோடு பிரேக்கையும் பார்த்துவிடுங்கோ தம்பி. டேங்க் நிரம்பியதும் சக்கரக் கட்டையோடு பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, எஞ்சினை அணையுங்கோ. அமெரிக்க லாரி லைசென்ஸ் சோதனையில் டிரெய்லர் இல்லாத தனி வண்டிக்கு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ, பெடலை அழுத்திப் பிடித்தால் 3 பிஎஸ்ஐ, அதற்கு மேல் இறங்கக் கூடாது.

டெக்சாஸ் பயணி:
ஃபிட்டிங், பைப் முனை, கிளாம்ப் மூன்றும் மாற்றியாகிவிட்டது. காலையில் பின்பக்கம் இரண்டு மூலையும் ஒரே உயரத்தில் நின்றன. முன்பக்கம் மட்டும் குளிர் ராத்திரியில் கொஞ்சம் தாழ்கிறது, வெயில் ஏறினால் சரியாகிறது. அதையும் பிரித்துப் பார்க்கணுமா?

சேலம் பஸ் மெக்கானிக்:
வேண்டாம் சார். குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது, வெயிலில் விரிகிறது. வெயில் வந்தும் ஏறாமல் அப்படியே கிடந்தால் சொல்லுங்கள், முன் ஹைட் வால்விலிருந்து ஆரம்பிப்போம்.