வெள்ளியாகிவிட்ட சால்மன் குஞ்சு இன்னும் கடலுக்கு "ஆகவில்லை" என்றால் என்ன?

புதுத்தொட்டி:
வணக்கம். நோர்வேயில் ஒரு சால்மன் குஞ்சு வளர்க்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முதலில் ஆறு வாரம் தொட்டிகளுக்குத் தினமும் 12 மணி நேரம்தான் வெளிச்சம். இப்போது விளக்கு இரவு பகலாக எரிகிறது. போன மாதம் வரை மைவிரலால் வரிசையாகத் தொட்டு வைத்ததுபோல் பக்கவாட்டில் கறுப்புத் தடங்கள் இருந்தன. இந்த வாரம் அவை மறைந்து குஞ்சுகள் வெள்ளியாக மின்னுகின்றன; செட்டை ஓரம் மட்டும் கறுத்திருக்கிறது. தொட்டாலே செதில் கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நேற்று சிலவற்றை உப்புநீரில் ஒரு நாள் வைத்திருந்து, இரத்தம் எடுத்துப் பார்த்த மேற்பார்வையாளர் "இன்னும் ஆகவில்லை" என்றார். வெள்ளியானது போதாதா?

கழிமுகம்:
போதாது தம்பி. நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் வெட்டும் ஆலையில் தொடங்கி, இன்றைக்குக் குஞ்சுத் தொட்டிகளோடு பதினேழு வருடம் ஆகிறது எனக்கு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தோலில் குவானின் என்ற மினுமினுக்கும் பொருள் படிவதால் வருவது அது. கடலில் எதிரியின் கண்ணுக்குத் தப்ப உதவும். உப்பைத் தாங்குவது செவுளின் வேலை.

ஆற்றில் இருக்கும்போது உப்பு மீனுக்குள்தான் கூடுதல். தண்ணீர் தானாக உள்ளே புகும், உப்பு நழுவி வெளியே போகும். அதனால் மீன் நிறையச் சிறுநீர் கழிக்கும், செவுளால் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடலிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, மீனின் இரத்தத்தைவிட மூன்று மடங்கு. அங்கே மீன் தண்ணீருக்குள் இருந்தபடியே வற்றும். ஈடுகட்டக் கடல்நீரைக் குடித்தாக வேண்டும். அதோடு வரும் உப்பை, நேற்றுவரை உள்ளே இழுத்த அதே செவுள் வெளியே தள்ள வேண்டும்.

இந்தத் தள்ளும் வேலைக்கு விசை கொடுப்பது சோடியம் பொட்டாசியம் ஏடிபியேஸ் என்ற நொதி. அதில் நன்னீருக்கு ஒரு வகை, கடலுக்கு ஒரு வகை. முதலாவது குறைந்து இரண்டாவது பெருகும்போதுதான் குஞ்சு ஸ்மோல்ட், அதாவது கடலுக்குத் தயாரான மீன், ஆகிறது. கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, நல்ல தண்ணீரில் நின்றபடி இத்தனையும் நடக்கிறது! எனக்கு இன்றும் இது பெரிய அதிசயம்தான்.

விளக்கும் அதற்குத்தான். 12 மணி நேர வெளிச்சம் குஞ்சுக்குக் குளிர்காலம், முழுநேர வெளிச்சம் வசந்தம். நாள் நீண்டுவிட்டது என்று மூளைக்குத் தெரிந்ததும் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் ஏறிச் செவுளை மாற்றத் தொடங்கும்.

சோதனைக்குழாய்:
அந்த இரத்தச் சோதனை பற்றி. லிட்டருக்கு 34 கிராம் உப்புள்ள நீரில் 24 மணி நேரம் இருந்த பிறகும் இரத்தத்தில் குளோரைடு (உப்பின் ஒரு பாகம்) லிட்டருக்கு 150 மில்லிமோலுக்குக் கீழே நின்றால் மீன் தயார் என்று பொதுவாகக் கொள்வார்கள். உங்கள் மீனில் அது தாண்டியிருக்கும்.

புதுத்தொட்டி:
இப்போது புரிகிறது, மிக்க நன்றி. அப்படியென்றால் ஆன பிறகும் இன்னும் கொஞ்ச நாள் தொட்டியில் வைத்திருந்தால் இன்னும் நல்லதுதானே, அக்கா?

கழிமுகம்:
ஐயோ, வேண்டாம். முன்பு நான் இருந்த இடத்தில் ஒரு வருடம் மீன் ஏற்ற வேண்டிய கப்பல் மூன்று வாரம் பிந்தியது. தண்ணீரும் சூடேறியிருந்தது. காத்திருக்கும் மீன் மறுபடி ஆற்று மீனாகத் திரும்பிவிடும். வெதுவெதுப்பான நீரில் இன்னும் சீக்கிரம். நிறம் மட்டும் அப்படியே இருந்ததால், திரும்பச் சோதிக்காமல் ஏற்றிவிட்டோம். கடலில் உள்ள வலைக்கூட்டில் விட்ட மறுநாளே பல மீன்கள் கூட்டத்தை விட்டு மேலே வந்து சோர்ந்து நின்றன. அந்த வாரம் முழுக்கக் கைவலையால் செத்த மீன் அள்ளினேன். அள்ளிய ஒவ்வொன்றும் பளபளவென்று வெள்ளியாகத்தான் இருந்தது.

அதனால் கப்பல் வரும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முந்தைய வாரம் இன்னொரு முறை இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தொட்டியில் தண்ணீர் இப்போது எத்தனை டிகிரி?

புதுத்தொட்டி:
12 டிகிரி அக்கா. கப்பல் வரும் தேதியை நாளைக் காலையிலேயே கேட்கிறேன்.