மறு: ‘டைமிங்’ – நேர அமைவா, இசைவா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் பாடத்துக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் ‘டைமிங்’ (timing) என்ற சொல்லுக்குத் தமிழாக நம் குழுவில் பெரும்பான்மையோர் ‘நேர அமைவு’ என்பதை ஏற்றுக்கொண்ட பிறகும் நான் அதை மறுப்பதற்குக் காரணம் உண்டு.

முதல் வரைவில் அச்சொல்லைத்தான் எழுதியிருந்தேன். பயிற்சிக்கூடத்தில் பழைய அம்பாசடர் எஞ்சினைச் சுற்றி நின்ற மாணவர்களில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “எத்தனை நொடி வைக்கணும் சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை எழுப்பியது நான் கொடுத்த சொல்தான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்குத்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதில் எந்தப் பாகையில் (டிகிரியில்) எந்த வால்வு திறந்து எந்தப் பாகையில் மூட வேண்டும் என்பதையே நாம் பல்சக்கரக் குறிகளைப் பார்த்து வைக்கிறோம். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு நொடி ஆகும். 3000 சுற்றில் ஐம்பதில் ஒரு நொடிதான். நேரம் இப்படிச் சுருங்கினாலும் இரு தண்டுகளையும் இணைக்கும் சங்கிலி பிடித்து வைத்திருக்கும் பாகை மாறுவதில்லை.

புலவர் ஐயா முன்வைத்த ‘செவ்வி’ அழகான சொல். ‘சிலர்அதன் செவ்வி தலைப்படு வார்’ என்ற குறளை (1289) அவர் காட்டியதும் மனம் அதன்பால் சாய்ந்தது உண்மை. ஆனால் அதுவும் ஏற்ற காலத்தையே சுட்டுகிறது. அதோடு, கையில் ஸ்பேனருடன் நிற்கும் பிள்ளைக்கு அதற்கு வேறோர் உரை எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே ‘இசைவு’ என்கிறேன். ‘இயைவு’தான் மூலம், உயிர் பேச்சில் உசிர் ஆனதுபோல யகரம் சகரமாயிற்று என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆய்வுக்குள் நான் நுழையவில்லை. அடிகளின் இறுதி ஒன்றிவரும் இயைபுத் தொடையை நினைத்தால், குறியோடு குறி ஒன்றிவருவதற்கு இரண்டுமே பொருந்தும். இசைவு என்றால் சம்மதம் அல்லவா என்ற தடைக்கு, வால்வு இசைவு, இசைவுக்குறி என்று அடையோடு வரும்போது அந்த மயக்கம் எழாது என்பதே என் விடை. ‘டைமிங் வைக்கிறது’ என்ற பட்டறை வழக்கின் வினையையும் விடாமல், “நான்காம் சிலிண்டரின் இரு வால்வுகளும் ஒருசேர அசையும் இடத்தில் முதல் சிலிண்டரின் பிஸ்டன் அமுக்க வீச்சின் (எரிபொருள்-காற்றுக் கலவையை அழுத்தும் ஓட்டத்தின்) உச்சியில் நிற்கும்; அந்நிலையில் இசைவு வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறிகளை மீண்டும் பார்க்கவும்” என்று எழுதிப் படித்துக் காட்டினேன்; மாணவர்கள் தடுமாறவில்லை.

தீப்பொறிப் பாடத்தில்தான் என் வாதம் தளர்கிறது. கலவை எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கிறது. அதனால்தான் வேகம் கூடக்கூடப் பொறியை, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு இன்னும் சில பாகை முந்தி வைக்கிறோம். அங்கே நேரம் உண்மையிலேயே உள்ளே வருகிறது. ‘இசைவு முந்துகிறது’ என்று எழுதினால் பொருள்படவில்லை. வால்வுக்கு ஒரு சொல், பொறிக்கு வேறொரு சொல் என்று பிரித்தால், இரண்டையும் ‘டைமிங்’ என்றே கேட்டு வளர்ந்த மாணவர் குழம்புவார்.

திங்களன்று வால்வுப் பக்கம் ‘இசைவு’ என்றே போகும். பொறிப் பக்கத்தில் ‘டைமிங்’ அப்படியே நிற்கிறது. ‘நேர அமைவு’ அணியினர் ஞாயிறு இரவுக்குள் அதற்குத் தனிச்சொல் தந்தால் சேர்த்துவிடுவேன்.