பிரேக் ஒயில் குடுவைக்குள் பவர் ஸ்டியரிங் ஒயில்: காரை ஓட்டலாமா?

உப்புவெளி மகள்:
திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன், அவசரம். பிரேக் ஒயில் குறைந்திருக்கிறது என்று நேற்று மாலை தம்பி பவர் ஸ்டியரிங் ஒயிலை அதே குடுவைக்குள் ஊற்றியிருக்கிறான். இன்று காலை சந்தைக்குப் போய்வந்த பிறகுதான் போத்தலைக் கண்டேன். பிரேக் பிடிக்கிறது. ஆனால் பெடல் இறுகியிருக்கிறது, முன்சில்லுகள் கை வைக்க முடியாதபடி கொதிக்கின்றன. நாளை அப்பாவை அனுராதபுரம் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். என்ன செய்வது?

நிலாவெளி வீதி:
பயப்பட வேண்டாம் தங்கச்சி. பாமசியில் பெரிய சிரிஞ் வாங்கிக் குடுவையில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டு, சரியான ஒயிலை ஊற்றினால் போதும்.

பழைய மெக்கானிக்:
நிலாவெளித் தம்பி சொல்வது, ஊற்றிய பிறகு பெடலை ஒருதடவைகூட மிதிக்காமல் இருந்தால் மட்டுமே பொருந்தும். இங்கே கார் சந்தை வரை ஓடிவிட்டது. தங்கச்சி, அந்தக் காரை இனி அசைக்க வேண்டாம்.

டொட் 3, டொட் 4 என்ற பிரேக் ஒயில்கள் கிளைக்கோல் வகை. பிரேக்கின் றப்பர்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. பவர் ஸ்டியரிங் ஒயில் பெரும்பாலும் கனிம எண்ணெய். அது பட்டால் அந்த றப்பர் ஊதிப்போகும். பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதற்குள் றப்பர் ஊதினால் ஒயில் திரும்பிவரும் துளை அடைபடும். காலை எடுத்தாலும் பிரேக் விடாது. உங்கள் சில்லு கொதிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்று பிடிக்கிற பிரேக் நாளை ஹொரவப்பொத்தானைப் பக்கம் போகும்போது கைவிடலாம்.

இரண்டு சோதனை செய்யுங்கள். குடுவை மூடியின் உட்புற றப்பரைக் கழற்றி, ஊதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குடுவையின் மேல்மட்டத்திலிருந்து சில துளிகளை ஒரு கிளாஸ் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்கும். காரின் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிரேக் ஒயில் பெயின்டை அரித்துவிடும்.

உப்புவெளி மகள்:
பார்த்தேன் அண்ணா. மூடியின் றப்பர் ஊதி நெளிந்து கிடக்கிறது, திரும்ப அதன் இடத்தில் உட்கார மறுக்கிறது. தண்ணீரில் சிவப்புப் படலம் மிதக்கிறது.

பழைய மெக்கானிக்:
அப்படியானால் சந்தேகமே இல்லை. மாஸ்டர் சிலிண்டர், முன்சில்லில் பிரேக் பேட்டை அழுத்தும் கலிப்பர்கள், பின் சில்லு சிலிண்டர்கள் எல்லாவற்றிலும் றப்பர் மாற்ற வேண்டும். வளையும் ஹோஸ்களையும் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களை அலசிப் புதிய ஒயில் ஏற்றிக் காற்று எடுக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அதையும் பார்க்க வேண்டும், செலவு கூடும். எந்த ஒயில் என்பது குடுவை மூடியிலேயே எழுதியிருக்கும். டொட் 5 வேண்டாம், அது சிலிக்கோன்.

கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். வழியில் பிரேக் கைவிட்டால் காரை நிறுத்த வழியில்லை. லொறியில் ஏற்றுங்கள், அல்லது மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நிலாவெளி வீதி:
ஓடியதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன், அண்ணா சொல்வதே சரி. அப்பாவுக்கு வேறு வாகனம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

உப்புவெளி மகள்:
மிக்க நன்றி. பக்கத்து வீட்டு வான் கிடைத்துவிட்டது. மெக்கானிக் நாளை வீட்டுக்கே வருகிறார்.

பழைய மெக்கானிக்:
நல்லது. தம்பியை ஏச வேண்டாம், குறைந்திருப்பதைக் கவனித்தவன் அவன்தானே. பிரேக் ஒயில் சும்மா குறையாது. பிரேக் பேட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எங்கேயோ கசிய வேண்டும். மெக்கானிக் வந்ததும் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.